உலர்திராட்சை மான்கள்

கரா-சாய்ப் பள்ளத்தாக்கில் அந்த வருஷம் பனி வருவதற்குச் சோம்பல்பட்டது. அக்டோபர் முழுக்க வானம் நீலத்தை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. நவம்பர் பாதியில் ஒரு தூவல் தூவிவிட்டு, மதியத்துக்குள் அதையும் திரும்ப எடுத்துக்கொண்டது. பனி விழாதவரை மான் கீழே இறங்காது. மான் இறங்காதவரை முதலாளி ஷார்ஷென் மேலே ஏறிவர மாட்டான். அதனால் ஜூராகான் தினமும் காலையில் மாட்டுக்குப் புல் போடும்போது அண்ணாந்து பார்த்து, இன்னும் ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துக்கோ என்று வானத்திடம் பேரம் பேசினாள். வானமும் மூன்று வாரம் வரை விட்டுக்கொடுத்தது. அதற்குமேல் அதாலும் கட்டுப்படியாகவில்லை. இருபதாம் தேதி மாலையில் பிடித்த பனி மறுநாள் விடியும்வரை நிற்காமல் விழுந்தது. வாசலில் முழங்கால் ஆழம். மேலே காட்டில் இடுப்புக்கு இருக்கும்.

பள்ளத்தாக்கின் வாயில் இருந்த அந்த வீடு அவர்களுடையது இல்லை. வேட்டைக்காட்டைக் குத்தகைக்கு எடுத்தவன் ஷார்ஷென். காட்டைக் காவல் காத்து, வருகிற விருந்தாளிகளுக்கு மான் காட்டுகிறவனுக்கு வீடு. முப்பது வருஷமாக, முதலாளிகள் மாறினாலும், அந்த ஆள் ஜூராகானின் கணவர் தெமீர்குல்தான்.

செப்டம்பர் கடைசியில் புல்லெல்லாம் அறுத்து, போராக அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் உச்சியில் கல்லைக் கட்டிவிட்டு இறங்கும்போது, ஏணியின் மூன்றாம் படியில் தெமீர்குல் நின்றுவிட்டார். ஜூராகான் கீழேயிருந்து, "என்ன, மேல ஏதாச்சும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவருக்கு வலது கை மறந்துவிட்டது, வலது கால் மறந்துவிட்டது, வாயும் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது.

பேச்சில் மிஞ்சியது வசவு மட்டும். நாள் பூரா தேடினாலும் 'தண்ணீர்' என்ற சொல் கிடைக்காது. கோபம் வந்தால் கெட்ட வார்த்தை முழுசாக, பிசிறில்லாமல் வந்து விழும். கீழே ஊரிலிருந்து வந்த நர்ஸம்மா, பழகிப்போன சொல்லெல்லாம் மூளையில் வேறு அறையில் இருக்கிறது, அந்த அறைக்குச் சேதமில்லை என்றாள். "சேதமாக வேண்டிய அறை அதுதானேம்மா" என்றாள் ஜூராகான்.

கீழே கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தாள். உண்மை தெரிந்தால் வீடு போகும். வீடு போனால் ஒரு மாடு, பதினோரு ஆடு, அவற்றுக்கு ஏப்ரல் வரை காணும் புல்போர், எல்லாம் போகும். மகள் தலைநகரத்தில் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறாள். அந்த அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் உட்கார முடியாது.

பனி நின்ற காலையில் அவள் உப்புப் போட்ட பால்தேநீரை அவர் வாயில் ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு வருவான். நீங்க உள்ளறையில கிடங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

தெமீர்குல் இடது கையால் விரிப்பைத் தட்டினார்.

சாப்பாட்டு விரிப்புதான் அவருக்கு மலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தேநீர்ப் பானை சிகரம், ரொட்டியின் விளிம்பு முகடு, கரண்டி ஓடை. உலர்திராட்சை மான். "பனி முழங்காலுக்கு மேல போனா கிழட்டுப் பெண்மான் முன்னால வரும்" என்று ஒரு திராட்சையை நகர்த்துவார். அவள், "உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க முதல்ல" என்பாள். சுட்டுவந்த நாளில் மட்டும் விரிப்பிலிருந்து ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மற்ற நாட்களில் மான்கள் அங்கேயே நிற்கும். அவள்தான் முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கி டப்பாவில் போடுவாள்.

சுட்ட மானும் முழுசாக வீடு வந்ததில்லை. வேட்டையோடு திரும்புகிறவனை வழியில் பார்த்து 'ஷிரல்கா' என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவன் பங்கை அறுத்துக் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவனோ தெரியாதவனோ, எதிரியோ, கணக்கில்லை. கொடுக்காதவன் துப்பாக்கிக்கு அடுத்த மான் நிற்காது. தெமீர்குல் வரும் நாளில் ஊரே வழியில் நிற்கும். "நீங்க சுடறது மானு, வீட்டுக்கு வர்றது கழுத்து" என்று ஜூராகான் முப்பது வருஷமும் கழுத்தையே வேகவைத்தாள்.

இப்போது அவர் இடது கையால் இரண்டு சர்க்கரைக் கட்டிகளைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு திராட்சையை நகர்த்தினார்.

"தெரியுது. ரெட்டைப் பாறை. வெயில் வந்தப்புறம். முப்பது வருஷமா சோத்தோட சேத்து ஊட்டியிருக்கீங்க, மறக்குமா?"

ஷார்ஷென் பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டான். ஊர்ப் பையன்தான், பத்து வருஷம் சந்தையில் தோல் வாங்கி விற்று மேலே வந்தவன். தோலில் எங்கே கிழிசல் என்று கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்வான். கூட ஒரு விருந்தாளி, ரிஸ்பெக் என்று பெயர், தலைநகரத்தில் பெரிய கை. சட்டையிலிருந்து பூட்ஸ் வரை எல்லாம் புதுசு. நடக்கும்போது விலைச்சீட்டு தொங்குகிறதா என்று பார்க்கத் தோன்றும்.

"அண்ணன் எங்க மதினி?"

"விடியறதுக்கு முன்னாடியே ஏறிட்டாரு தம்பி. மான் எங்க படுத்திருக்குன்னு பாத்துவைக்கணுமாம். உங்களை நான் கூட்டிட்டு வரணுமாம்."

"முழங்கால் வலின்னாங்களே?"

"வலிதான். மானுன்னா அந்த முழங்காலுக்குக் காது கேக்காது."

ஷார்ஷென் தேநீர்க் கிண்ணத்தை உருட்டிக்கொண்டே சன்னல் வழியாக வாசலைப் பார்த்தான். "ராத்திரி பூரா விழுந்திருக்கு. வாசல்ல ஒரு காலடி இல்லையே மதினி."

"காலையில பெருக்கினேன்."

"மலை வரைக்குமா?"

"வாசல் வரைக்கும். அதுக்கு மேல பெருக்கறது மலையோட வேலை."

ரிஸ்பெக் சிரித்தார். ஷார்ஷெனும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து, உள்ளறையை மறைத்துத் தொங்கிய சுவர் விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு வசவு வந்தது. சம்பந்தப்பட்டவனுடைய தாயாரில் தொடங்கி அவன் குதிரை வரை போகிற வசவு.

ரிஸ்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ரேடியோ" என்றாள் ஜூராகான்.

"ரேடியோல இப்படியெல்லாம் பேசறாங்களா?"

"தலைநகரத்து ரேடியோ தம்பி. அங்க நாகரிகம் அப்படியாம். ஐயாவுக்குத் தெரியும்."

"நான் கேட்டதில்லையே" என்றார் ரிஸ்பெக்.

ஷார்ஷென் பொரித்த ரொட்டித்துண்டு ஒன்றைப் பாலாடையில் தோய்த்து நிதானமாகத் தின்று முடித்தான். "நல்ல ரேடியோ. குரல் தெளிவா இருக்கு" என்றான். "கிளம்பலாமா?"

மூன்று குதிரைகள். ஜூராகான் கணவரின் ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டு, அவருடைய தொப்பியை வைத்திருந்தாள். குதிரை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி, வாசனை அதுதானே என்று நடந்தது. பனிக்கு மேல் வெயில் படாத நீலம் கிடந்தது. ஓடையின் ஓரம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாக ஓடியது. முயல் தடம், நரித்தடம். பிறகு வில்லோ மரக் கொம்புகளின் நுனி கடிபட்டிருந்த ஒரு இடம். அவள் இறங்கிக் கடித்த நுனியைத் தொட்டாள். பிசிறுபிசிறாக இருந்தது, இன்னும் ஈரம்.

"மானு" என்றாள்.

"எப்படித் தெரியும் மதினி? முயலா இருக்கக்கூடாதா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. ஷார்ஷென் சாதாரணமாகத்தான் கேட்டான், வழித்துணைக்குக் கேட்பதுபோல.

"முயல் கத்தியால வெட்டின மாதிரி சாய்ச்சு வெட்டும். மானுக்கு மேல்வாயில முன்பல்லு கிடையாது. பிச்சு எடுக்கும். பாருங்க, நார் தொங்குது."

"அட! இத்தனை வருஷம் காட்டை வெச்சிருக்கேன், இது தெரியாது" என்றான் ஷார்ஷென்.

ஜூராகானுக்கு ஐம்பத்தாறு வயது. உப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், மாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், கல்யாணத்துக்கு எத்தனை கிலோ மாவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மலையைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை அவளிடம் கேட்டது அன்றைக்குத்தான். குதிரைமேல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மலைமுகட்டுக்குப் பின்பக்கமாகவே சுற்றிக் கூட்டிப்போய், ஒரு மடிப்பில் குதிரைகளை நிறுத்தினாள். ரிஸ்பெக் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முகட்டை நோக்கி நடந்தார்.

"ஐயா, உக்காருங்க. இன்னும் நேரம் ஆகலை."

"மான் போயிடாதா அம்மா?"

"இப்ப நீங்க அங்க போய் நின்னாத்தான் போயிரும்." கோட்டுப் பையிலிருந்து ஆட்டுரோமம் ஒரு துளி எடுத்துப் பறக்கவிட்டாள். அது சரிவோடு கீழ்நோக்கி மிதந்து போனது. "பாத்தீங்களா? காலையில குளிர்க்காத்து மலையிலருந்து இறங்கும். உங்க வாசனையைத் தூக்கிட்டுப் போய் ஓடையில வெச்சிரும். வெயில் இந்தச் சரிவுல விழுந்து சூடானப்புறம் காத்து திரும்பும், கீழருந்து மேல ஏறும். அப்பத்தான் நாம போகணும்."

"சூடாயிருச்சுன்னு எப்படிக் கண்டுக்கிறது?" என்றான் ஷார்ஷென்.

"அதோ, எதிர்ல வெள்ளைப் பாறை. வெயில் அதோட இடுப்புக்கு இறங்கணும்."

"மானு எங்கருந்து வரும்?"

"அந்தப் பக்கம் நிழல்காட்டுல படுத்திருக்கும். பனி முழங்காலைத் தாண்டிட்டா அதுக்கு அங்க தின்னவும் முடியாது, ஓடவும் முடியாது. இந்தப் பக்கம் வெயில் சரிவு, பனி மெலிசு, காட்டு ரோஜாப் புதர் இருக்கு. கீழ ரெட்டைப் பாறை தெரியுதா? அதுக்கு நடுவுல ஓடையைத் தாண்டும். வேற எங்கயும் தாண்டாது. மத்த இடமெல்லாம் கரைப்பனிக்கட்டி உடையும், அதுங்களுக்குத் தெரியும்."

"வருஷா வருஷம் அதே இடமா?"

"அவங்க அம்மா காட்டின வழி தம்பி. நாம சொந்தபந்த வீட்டுக்குப் போற வழி மாதிரி."

ஷார்ஷென் கைப்பேசியை எடுத்து, குளிருக்கு விரலை ஊதிக்கொண்டு, எதையோ அழுத்தினான். "மணி பாக்கறேன்" என்றான்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். முன்னால் கிழட்டுப் பெண்மான் வரும், அதைத் தொடக்கூடாது, அது விழுந்தால் மற்றது சிதறும். கடைசியில்தான் கிடா வரும். ஓடினால் துரத்திச் சுட வேண்டாம், மெதுவாக ஒரு சீட்டி அடித்தால் நின்று திரும்பிப் பார்க்கும், அதன் கெட்ட பழக்கம் அது. முப்பது வருஷம் கேளாத காதுக்குள் ஊற்றியதெல்லாம் ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே இருந்தது அவளுக்கே ஆச்சரியம். சந்தையில் புதிதாகக் கடை போட்டவள், யாராவது ஒருவர் நின்று பார்த்துவிட்டால் மூட்டை முழுவதையும் அவிழ்த்து விரித்துவிடுவாள். விலை என்னவென்று இருபக்கமும் பேசுவதற்குள் சரக்கு ஆள் கைக்குப் போயிருக்கும்.

வெயில் வெள்ளைப் பாறையின் இடுப்புக்கு இறங்கியது. ரோமத்துளி மேல்நோக்கிப் பறந்தது. முகட்டில் குப்புறப் படுத்தார்கள்.

எதிர்க்காட்டில் ஒரு ஊசியிலைக் கிளை பனியை உதறியது. சாம்பல்நிறக் கிழவி ஒன்று வெளியே வந்து நின்று, காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. பிறகு இறங்கியது. அதன் காலடியிலேயே காலை வைத்து இன்னொன்று, இன்னொன்று. ஏழு. ஜூராகானுக்கு அழுகை வந்தது. திராட்சைகள் அப்படியே, அந்த இடைவெளியோடு, கரண்டியைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அவர் பொய் சொன்னதே இல்லை.

ரிஸ்பெக்கின் முதல் குண்டு மலைக்குப் போனது. ஏழும் வெள்ளைப் பின்பக்கத்தை விரித்துக்கொண்டு பறந்தன. ஜூராகான் சீட்டியடித்தாள். கடைசி மான் நின்றது, திரும்பிப் பார்த்தது. இரண்டாம் குண்டுக்கு உட்கார்ந்தது.

இறங்கிப்போய்ப் பார்த்தபோது ரிஸ்பெக்கின் முகம் தொங்கிவிட்டது. "கொம்பு எங்க? ஒரு பக்கம்தானே இருக்கு?"

"நவம்பர் கடைசி ஐயா. உதிர்ற காலம். இதாவது ஒண்ணு வெச்சிருக்கு, நல்ல மனசு."

"சுவத்துல மாட்டலாம்னு வந்தேன். ஷார்ஷென், நீ சொல்லவே இல்லையே?"

ஷார்ஷென் திணறியதை ஜூராகான் பார்த்தாள். முதலாளிக்கு ஒரு சங்கடம் என்றால் கைகொடுக்க வேண்டாமா? கொடுத்தாள்.

"கொம்பு வேணும்னா ஆகஸ்டுல வாங்க ஐயா. அப்பதான் கிடா பெண்ணைத் துரத்தும். ஒரு புதரைச் சுத்தி வட்டம் வட்டமா புல்லு மிதிபட்டுக் கிடக்கும், மேல்புல்வெளியில மூணு இடம் இருக்கு. அது பக்கத்துல உக்காந்து புல்லிதழை ரெண்டு கட்டைவிரலுக்கு நடுவுல வெச்சு ஊதினா, பெண்மான்னு நெனச்சு கிடா வந்து மடியில விழும்."

"எந்த மூணு இடம் மதினி?" என்றான் ஷார்ஷென்.

சொன்னாள். அவன் மறுபடி மணி பார்த்தான்.

மானைக் குதிரையில் கட்டும்போதுதான் கேட்டான்: "அண்ணன் எங்க? வந்து பாக்கவேயில்லை."

"அந்தப் பக்கக் காட்டுக்குள்ள இருப்பாரு. பின்னாலயே வந்துருவாரு."

"வரட்டும், வரட்டும். மெதுவா வரட்டும்" என்றான் மிகவும் அன்பாக.

திரும்பி வந்தபோது வாசலில் தெமீர்குல் உட்கார்ந்திருந்தார்.

வெடிச்சத்தம் கேட்டிருக்கும். கிடக்க முடிந்திருக்காது. விறகுக்கட்டையின் மேல், தொப்பி இல்லாத தலையில் கூரையிலிருந்து உதிர்ந்த பனித்துகள் ஒட்ட, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதவிலிருந்து விறகுக்கட்டை வரை பனியில் தடம் கிடந்தது: ஒரு காலடி, ஒரு இழுப்பு, ஒரு காலடி, ஒரு இழுப்பு. முயலுக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாதவனும் அந்தத் தடத்தைப் படித்துவிடுவான்.

ஜூராகானின் கையிலிருந்து கடிவாளம் நழுவியது.

குதிரைமேல் தொங்கிய மானைப் பார்த்ததும் தெமீர்குலின் கோணல் வாய் அசைந்தது. தண்ணீரும் ரொட்டியும் மனைவி பெயரும் வராத அந்த வாயிலிருந்து, முப்பது வருஷமாக அடுத்தவர் சொல்லித் தான் கேட்ட சொல் முழுசாக வந்தது.

"ஷிரல்கா!"

ஷார்ஷென் கடிவாளத்தை இழுத்து நின்றான். "என்ன மதினி, ரேடியோ வெளிய வந்து உக்காந்திருக்கு."

அவள் குனிந்து நழுவிய கடிவாளத்தை எடுத்தாள்.

ஷார்ஷென் இறங்கினான். ஊர்ப் பிள்ளை, முறை தெரிந்தவன். தானே கத்தியை எடுத்து, பின்னங்கால் ஒன்றைத் தொடையோடு முழுசாக அறுத்தான். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், தெமீர்குலின் மடியில் வைத்து, குனிந்து அவர் தோளைத் தொட்டான். "உங்களுக்கு இல்லாததா அண்ணே. நீங்க எத்தனை பேருக்குக் குடுத்த கை. எங்கப்பாவுக்கே குடுத்திருக்கீங்க."

தெமீர்குல் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். ரிஸ்பெக், "என்ன அருமையான வழக்கம்!" என்று அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

ஷார்ஷென் பனியில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"மறைச்சிருக்க வேண்டாம் மதினி. சரி, போகட்டும். என் மச்சான் ஒருத்தன் வேலையில்லாம இருக்கான். ஒண்ணாந்தேதி குடிவருவான். அதுக்குள்ள ஒதுக்கிக் குடுத்துருங்க. வண்டி நானே அனுப்பறேன்."

"தம்பி, உங்கண்ணனுக்கு முடியலேன்னா நான் இருக்கேனே. இன்னைக்குக் காட்டினது யாரு?"

"நீங்கதான். யாரு இல்லேன்னா? எம்புட்டு விவரம்! அண்ணன் இருந்திருந்தாக்கூட இப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாரு." கைப்பேசி இருந்த பையைத் தட்டினான். "எல்லாம் இதுல இருக்கு. பாறை, புல்வெளி மூணு, ஆகஸ்டு வரைக்கும். இனிமே அவரும் கஷ்டப்பட வேண்டாம், நீங்களும் இந்த வயசுல குதிரை ஏற வேண்டாம்."

"புல்லு? நாங்க அறுத்த புல்லு?"

"அதை எங்க தூக்கிட்டுப் போவீங்க மதினி? கிடக்கட்டும். மச்சானும் மாடு வெச்சிருக்கான்."

தொடைக்கறி கொழுத்திருந்தது. ஏப்ரலில் என்றால் எலும்பில் தோல்தான் இருக்கும். இது கோடை முழுக்கத் தின்று சேர்த்துக்கொண்டு இறங்கிய கிடா. மண வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஜூராகான் தொடையை வேகவைத்தாள். தெமீர்குல் இடது கையால் வழித்துத் தின்றார். தின்றுவிட்டு, எத்தனை என்று விரலால் கேட்டார்.

அவள் டப்பாவைத் திறந்து ஏழு திராட்சையை விரிப்பில் வைத்தாள். அதில் ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டாள். ஆறு நின்றன. மலையில் தான் பேசியதைச் சொல்லவில்லை. வீடு போவதை மட்டும் சொன்னாள்.

தெமீர்குல் சர்க்கரைக்கட்டி இரண்டையும் தொட்டு, கையை 'இல்லை' என்று ஆட்டினார். ஆறு திராட்சையையும் மெதுவாக விரிப்பின் மறுகோடிக்குத் தள்ளினார்.

"இனி அங்க வராதா? வெடி கேட்டதால வழி மாறிருமா?"

தலையாட்டினார். ஜூராகானுக்கு நெஞ்சுக்குள் ஒரு கசப்பான சந்தோஷம் ஊறியது. வரட்டும் அந்த மச்சான். கைப்பேசியை வைத்துக்கொண்டு ரெட்டைப் பாறையில் உட்கார்ந்து வெயில் காயட்டும். நாளைக்குக் கெஞ்சிக்கொண்டு கதவைத் தட்டுவான், அன்றைக்கு விலை பேசிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள், மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, மலையிலிருந்து வெடிச்சத்தம் வந்தது. அவள் சன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். எதிரே வெயில் வெள்ளைப் பாறையின் இடுப்பில் இருந்தது.

"குறி தப்பியிருக்கும்" என்றாள்.

தெமீர்குல் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் இரண்டு வெடி, இரண்டு திராட்சை. அதற்கு அடுத்த நாள் பனி கொட்டியது, சத்தமில்லை. அதற்கும் அடுத்த நாள் இரண்டு, சிறிது இடைவிட்டு. நடுவில் யாரோ சீட்டியடித்திருப்பார்கள். மானுக்கு முதலாளி யார், காவல்காரர் யார் என்று தெரியாது. பனி ஆழமானால் இறங்கும், அம்மா காட்டிய வழியில் இறங்கும். அது தெமீர்குலுக்கும் தெரியும். முப்பது வருஷத்தில் விரிப்பின் மேல் அவர் சொன்ன ஒரே பொய், அந்த மறுகோடிக்குத் தள்ளியதுதான். யாருக்காகச் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தபோது, எத்தனையாவது நாள் என்று தெரியவில்லை, அவருக்குத் தேநீர் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "எல்லாத்தையும். ஆகஸ்டையும்."

தெமீர்குல் ஒரு வசவு வைத்தார். தாயாரில் தொடங்கி குதிரை வரை போகிற அதே வசவு. பிசிறில்லாமல் வந்தது. அவளைத்தானா, ஷார்ஷெனையா, மானையா என்று கேட்க வழியில்லை. சொல்லிவிட்டு இடது கையால் அவள் கிண்ணத்தை அவள் பக்கமே நகர்த்தினார், நீ குடி என்று.

முப்பதாம் தேதி காலையில் வண்டி வந்து வாசலில் ஒலியெழுப்பியது. அதற்குச் சற்று முன்னால்தான் மலையில் ஒரு வெடி கேட்டிருந்தது. சந்தையில் விற்க ஆட்டை ஏற்றினார்கள், கணவரை ஏற்றினார்கள், மாட்டைப் பின்னால் கட்டினார்கள். கடைசியாக விரிப்பை எடுக்க ஜூராகான் உள்ளே போனாள். பழக்கதோஷத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து உதறினாள்.

உதிர ஒன்றும் இல்லை. மடித்து எடுத்துக்கொண்டாள்.